மதகு அளவுக்கு வாட்ஸ்அப்பா, ஓடிகேயா?

முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், எந்த மதகில் எத்தனை சென்டிமீட்டர் ஓடுகிறது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் கடைமடைக்காரர் பேச முடியும். நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கீழே ஒரு கிளை வாய்க்காலுக்கு நாலு பேர், நாலு போன், மதகுச் சுவரில் பெயின்டால் எழுதிய அளவுகோல் இருந்தால் போதும். அளவைப் படமெடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் படத்தோடு எடுத்தவர், நின்ற இடம், நேரம் எல்லாம் சேர்ந்தே போகின்றன. ராத்திரியில் ஷட்டரைத் தூக்கிய மேல்மடைக்காரருக்கு, சொன்னது யார் என்று கண்டுபிடிக்க அதுவே அதிகம்.

வாட்ஸ்அப்பை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்புக்குள் இருக்கும் இருப்பிடத் தகவலை அது நீக்கிவிடும்; அளவு தெளிவாகத் தெரியட்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்தின் மேலேயே அச்சடிக்கும் கேமரா செயலிகளில் எதை நீக்கியும் பயனில்லை. குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் நம்பர் தெரியும், ஒரு ஃபார்வர்டு போதும்.

எங்கள் தேர்வு ஓடிகே கலெக்ட். போனில் படிவம் நிரப்பி அனுப்பும் திறந்த மூலச் செயலி இது, சிக்னல் இல்லாமலும் நிரப்பலாம். இதையே தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், இருப்பிடத்தைக் கேட்காமலே வேலையை முடிக்கலாம் என்பதுதான்.

ஜிபிஎஸ் எண்ணைத் தசமத்துக்குப் பின் 3 இலக்கமாக வெட்டினால் போதுமே என்பார்கள். டெல்டாவில் அது ஏறக்குறைய 110 மீட்டர் சதுரம். 3 ஏக்கர், அதாவது 9 மா. அதற்குள் ஒரே ஒரு மோட்டார் கொட்டகை இருந்தால் ஆள் தெரிந்துபோகும். அதனால் படிவத்தில் ஜிபிஎஸ் கேள்வியே வேண்டாம். மதகுகளுக்கு 1 முதல் 40 வரை எண் கொடுத்து, பட்டியலில் தொடச் செய்யுங்கள். நேரத்துக்கும் காலை, மாலை என்ற இரண்டு தேர்வு போதும்.

இனி கவனிக்க வேண்டியவை. மாதிரிப் படிவத்தை நகலெடுத்தால் தொடக்க நேரம், முடிவு நேரம், கருவி எண், தொலைபேசி எண் கேட்கும் வரிகள் கூடவே வரலாம், அவற்றை அழியுங்கள். கலெக்ட் திறப்பது போனின் சொந்தக் கேமராவைத்தான், அதில் லொக்கேஷன் டேக் அணைந்திருக்க வேண்டும். தானாக அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டு ராத்திரியில் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புங்கள். சர்வரில் விழும் நேரம் அளந்த நேரத்தைக் காட்டாது. அனுப்பியதும் போனிலிருந்து அழிக்கும் அமைப்பையும் போடுங்கள்.

பதிவுகள் வந்து சேரும் சர்வரான ஓடிகே சென்ட்ரலில், போனை இணைக்க ஆளுக்கொரு கியூஆர் கொடுத்தால் பதிவோடு அந்தப் பெயரும் ஒட்டும். வாய்க்காலுக்கு ஒரு கியூஆர் போதும். ஒரு போன் தொலைந்தால் அதை ரத்து செய்து மற்றவர்கள் புதிதாக ஸ்கேன் செய்ய வேண்டிவரும். அந்தத் தொல்லையைச் சகித்துக்கொள்ளலாம்.

பதிவுகளைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் குறியாக்கத்தை இயக்கினால் இரண்டு ஆபத்து. நிரப்பி முடித்து உறுதிசெய்த படிவம்தான் பூட்டப்படும். பாதியில் சேமித்த வரைவு திறந்தே கிடக்கும். கடவுச்சொற்றொடரை மறந்தால் தரவு போனதுதான், யாராலும் மீட்க முடியாது. காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள்.

கலெக்ட் ஆண்ட்ராய்டுக்கு மட்டும். ஐபோன்காரர்கள் உலாவியில் படிவத்தைத் திறக்கலாம்; வயல்வெளியில் அதை ஓட்டிய அனுபவம் எங்களுக்குக் குறைவு, அதனால் சிபாரிசு செய்யவில்லை.

வாட்ஸ்அப்பை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். கரை உடைப்பெடுத்தால் வாய்க்காலைக் கவனிக்கும் பாசனப் பணியாளரான லஸ்கருக்கு வேண்டியது துல்லியமான இடமும், திருப்பிக் கூப்பிட ஒரு நம்பரும். அப்போது லைவ் லொக்கேஷனையே அனுப்புங்கள், 15 நிமிடத்துக்கு மட்டும்.