பழைய பீட்டிலுக்கு கண்ணாடி பீடிங் செட்: ரப்பர் அருமை, டிரிம் வேண்டாம்

பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் வச்சிருக்கவங்க யாராவது கண்ணாடி பீடிங் மாத்தலாம்னு யோசிச்சிட்டு இருந்தா இத முழுசா படிச்சிட்டு ஆர்டர் போடுங்க. நான் வாங்குனது முழு செட்டு, அதாவது முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பின்சீட்டு பக்கம் ரெண்டு சைடு கண்ணாடி, இது நாலுக்கும் ரப்பர், ரப்பருக்குள்ள உக்காருற அலுமினிய டிரிம் (அலங்கார பட்டை), மாட்டுறதுக்கு ஒரு கயிறு, பிளாஸ்டிக்ல ரெண்டு நெம்புற டூல். கம்பெனி பேர் போடல, ஏன்னா இதே செட்டு வேற வேற லேபிள்ல வருது, பேர பாத்து வாங்குறத விட கையில வந்த பொருள எப்படி பாக்கணும்னு தெரிஞ்சா போதும். சுருக்கமா சொல்லணும்னா ரப்பருக்கு முழு மார்க், டிரிம் ஃபெயில், கயிற மாத்திக்கோங்க, நெம்புற டூல் நல்லாவே இருக்கு.

முதல்ல வருஷம். பீட்டில் வெளிய பாக்க எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கும் ஆனா கண்ணாடி அப்படி இல்ல. 1958 மாடல்ல பின் கண்ணாடி பெருசாச்சு, 1965 மாடல்ல எல்லா கண்ணாடியும் பெருசாகி முன் கண்ணாடிக்கு லேசா வளைவும் வந்துச்சு, 1972 மாடல்ல பின் கண்ணாடி திரும்பவும் கொஞ்சம் உசரமாச்சு, 1973ல சூப்பர் பீட்டில்ங்கிற தனி வகைக்கு நல்லா வளைஞ்ச முன் கண்ணாடி வந்துடுச்சு. இதுல ஒண்ணோட ரப்பர் இன்னொண்ணுக்கு ஒழுங்கா உக்காராது, இழுத்து மாட்டினா மாட்டுன மாதிரி தெரியும், கார்னர்ல தூக்கிக்கிட்டு நிக்கும். இன்னொரு விஷயம், டிரிம் போடுறதுக்கு பள்ளம் உள்ள ரப்பர், பள்ளமே இல்லாத ப்ளெயின் ரப்பர்னு ரெண்டு வகை விக்குது. டிரிம் வேணும்னா ஆர்டர் பண்றப்பவே பள்ளம் இருக்கான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, பின்னாடி வெட்டி பள்ளம் எல்லாம் உண்டாக்க முடியாது.

ரப்பர பத்தி. பெட்டிய பிரிச்சதும் நான் பாக்குறது கார்னர்தான். நல்ல ரப்பர்ல கார்னர் அச்சுலயே வளைவோட வார்த்திருக்கும், மட்டமானதுல நேர் ரப்பர வெட்டி ஒட்டியிருப்பாங்க, அந்த ஒட்டு ஒரு வெயில் காலம் தாங்குனாலே பெருசு. இந்த செட்ல நாலுமே வார்த்த கார்னர். விரலால லிப்ப, அதாவது ரப்பரோட ஓர மடிப்ப, மடக்கி விட்டா உடனே திரும்பி வருது, மடிச்ச எடத்துல வெள்ளை கோடு விழல, உள்பக்க லிப் மெல்லிசா வெளிப்பக்க லிப் கனமா ஒரிஜினல் மாதிரியே இருக்கு. பெட்டிக்குள்ள மடங்கி வந்த எடத்துல கொஞ்சம் நெளிவு இருந்துச்சு, ஆனா வெயில்ல விரிச்சு போட்டதும் அதுவா சரியாயிடுச்சு. வாங்குனவங்க எல்லாரும் இத கட்டாயம் பண்ணுங்க, சூடான ரப்பரும் குளிர்ந்த ரப்பரும் மாட்டுறப்ப ரெண்டு வேற பொருள் மாதிரி இருக்கும்.

இப்ப கழட்டுறது, இங்கதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க. பழைய ரப்பர காப்பாத்தணும்னு நெனைக்காதீங்க, அது போகட்டும். காப்பாத்த வேண்டியது கண்ணாடியும் ஒரிஜினல் டிரிமும். ரப்பர் எப்ப வேணா வாங்கிக்கலாம், அந்த காலத்து டிரிம் மாதிரி இன்னிக்கு யாரும் பண்றதில்ல. டிரிம் மெல்லிசு அலுமினியம், பளபளப்பு போகாம இருக்க அனோடைஸ் பண்ணது, அதாவது மேல ஒரு பாதுகாப்பு பூச்சு, ஒரு தடவ மடங்கிடுச்சுனா எவ்ளோ தட்டி நேராக்குனாலும் அந்த எடத்துல வெளிச்சம் பட்டா கோடு தெரியும். அதனால ஸ்க்ரூடிரைவர உள்ள விட்டு நெம்புற வேலையே கூடாது. வெளிப்பக்க ரப்பர் லிப்ப வளைஞ்ச கத்தியால டிரிம் ஓரமாவே கீறிக்கிட்டே வந்து அந்த லிப்ப மொத்தமா உரிச்சு எடுத்துட்டா டிரிம் பிடிமானம் இல்லாம நிக்கும். முன்னாடியும் பின்னாடியும் டிரிம் ரெண்டு பாதியா இருக்கும், மேல நடுவுலயும் கீழ நடுவுலயும் ஒரு சின்ன கவர் க்ளிப் போட்டு சேத்திருப்பாங்க. க்ளிப்ப நகத்திட்டு நடுவுலருந்து ஆரம்பிச்சு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடவன்னு மெதுவா தூக்கிட்டே போங்க, ஒரு முனைய மட்டும் பிடிச்சு இழுத்தா கார்னர்ல மடங்கும். செட்ல வந்த பிளாஸ்டிக் டூல் இதுக்கு ரொம்ப உதவிச்சு, முனை மெல்லிசு, டிரிம்லயும் பெயின்ட்லயும் கீறல் விழல. க்ளிப்ப தனியா ஒரு டப்பால போட்டு வச்சிடுங்க, அது தொலஞ்சா சேருற எடம் இளிச்சிக்கிட்டு நிக்கும்.

உள்பக்க லிப்பையும் இதே மாதிரி கீறி எடுத்து, ரெண்டு பக்க லிப்பும் போனதும் உள்ள இருந்து ஒருத்தர் மேல் கார்னர்ல உள்ளங்கையால தள்ள வெளிய ஒருத்தர் பிடிச்சிக்க கண்ணாடி தானா வந்துடும். வைப்பர் ஆர்ம முன்னாடியே கழட்டிடுங்க, பின் கண்ணாடில டிஃபாகர் கம்பி (பனிமூட்டம் படியாம சூடாக்குற கம்பி) இருந்தா கனெக்ஷன எடுத்துட்டு கைய வைங்க. எடுத்த கண்ணாடிய படுக்க போடாதீங்க, கம்பளி விரிச்சு சுவத்துல சாய்ச்சு நிக்க வைங்க. லேமினேட்டட் கண்ணாடின்னா, அதாவது நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வச்சு ஒட்டுனதுன்னா, ஒரே புள்ளில அழுத்தம் விழுந்தா கோடு ஓடும். டஃபன்டுன்னா, அதாவது சூடாக்கி கடினமாக்குனதுன்னா, நடுவுல அடி தாங்கும், ஆனா ஓரத்துல ஒரு சின்ன சில்லு பேந்தா போதும் மொத்தமும் பொடிப்பொடியா கொட்டிடும். க்ளவுஸ், கண்ணுக்கு கிளாஸ் இல்லாம யாரும் இந்த வேலைல எறங்காதீங்க.

கழட்டுனதும் பாடி விளிம்ப பாருங்க. முன்னாடி கீழ் ரெண்டு கார்னர்லயும் துரு இருக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருந்தாலும் ரப்பருக்கு அடில தண்ணி தங்கி தங்கி தகரம் செதில் செதிலா வரும். நெறைய பேர் இத பாத்துட்டு புது ரப்பர் மூடிடும்னு விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, எவ்ளோ நல்ல ரப்பரா இருந்தாலும் ஒழுங்கில்லாத விளிம்புல தண்ணி உள்ள வர்றது நிக்காது. சுரண்டி வெறும் தகரம் தெரியுற வரைக்கும் கொண்டு வந்து, ஓட்டை இருந்தா வெல்டிங் வச்சு, ப்ரைமர் பெயின்ட் அடிச்சு, பெயின்ட் நல்லா இறுகுற வரைக்கும் காத்திருந்து அப்புறம் ரப்பர் போடுங்க. பெயின்ட் பச்சையா இருக்கப்பவே மாட்டுனா ரப்பரோட ஒட்டிக்கிட்டு அடுத்த தடவ உரிஞ்சு வரும். அப்புறம் ரூஃப் துணி, பீட்டில்ல அந்த துணியோட ஓரத்த இழுத்து இந்த விளிம்பு மேலதான் ஒட்டியிருப்பாங்க, உள்பக்கம் கத்தி வைக்கிறப்ப ஆழமா போச்சுன்னா துணியும் சேந்து போயிடும். பிரிஞ்சிருந்தா இப்பவே ஒட்டிடுங்க.

சரி, செட்ல வந்த டிரிம் கதை. பாக்க பளபளன்னு இருக்கு, தூக்கிப் பாத்தா ஒரிஜினல விட எடை கம்மி. கார்னர் வளைவு ரப்பரோட வளைவுக்கு சேரல, ஒரு பக்கம் பள்ளத்துல உக்கார வச்சா மறுபக்கம் எந்திரிக்குது, அழுத்தி உக்கார வைக்கலாம்னா வளைவுல சுருக்கம் விழுது. ரெண்டு பாதியும் சேருற எடத்துல நகம் போற அளவுக்கு இடைவெளி, கவர் க்ளிப் அத மூடவும் இல்ல. விக்கிறவங்க கிட்ட சொன்னதுக்கு மாட்டுனா சரியாயிடும்னு பதில் வந்துச்சு, மாட்டுனாலும் சரியாகல. நான் பழைய டிரிமையே சுத்தம் பண்ணி போட்டுட்டேன். சோப்புத் தண்ணி, மெத்துன்னு ஒரு துணி, அவ்ளோதான். காஸ்டிக் கலந்த க்ளீனர் எதையும் தொடாதீங்க, அனோடைஸ் பூச்சு கரைஞ்சு திட்டு திட்டா வெளுத்துடும், அப்புறம் பாலிஷ் போட்டு பழைய நெறத்த கொண்டு வர முடியாது.

மாட்டுற வரிசை ரொம்ப முக்கியம். மினி மாதிரி கார்ல கண்ணாடிய பாடில மாட்டி முடிச்சிட்டு கடைசியா லாக்கிங் ஸ்ட்ரிப்ப, அதாவது ரப்பர இறுக்குற பட்டைய, டூல் வச்சு தள்ளுவாங்க. பீட்டில் தலைகீழ். ரப்பர கண்ணாடிய சுத்தி போடணும், டிரிம்ப தரையில வச்சே பள்ளத்துல உக்கார வைக்கணும், அதுக்கப்புறம்தான் மொத்தமா தூக்கி பாடிக்கு போகணும். பாடில மாட்டுன பிறகு டிரிம்ப நுழைக்கலாம்னு பாத்தா ரப்பர் இறுகிப் போய் எடமே குடுக்காது.

கயிறு வேலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ரப்பர் உள்பக்கத்துல பாடி விளிம்பு போற பள்ளத்துல சுத்தி கயிற விட்டு, கீழ நடுவுல ரெண்டு முனையும் ஒண்ண ஒண்ணு தாண்டி தொங்குற மாதிரி வச்சுக்கிட்டு, முனை ரெண்டையும் காருக்குள்ள போட்டு, வெளிய ஒருத்தர் உள்ளங்கையால அழுத்த அழுத்த உள்ள இருக்கவர் கயிற இழுத்தா லிப் விளிம்ப தாண்டி உள்ள வந்து உக்காரும். செட்ல குடுத்த கயிறு ரொம்ப சன்னம், மெல்லிசான லிப்ப கத்தி மாதிரி அறுக்கும், 4லருந்து 5 மில்லிமீட்டர் வழவழப்பான நைலான் கயிறு தனியா வாங்கிக்கோங்க. இழுக்குறப்ப கண்ணாடிக்கு இணையா, நடுவ பாத்து இழுக்கணும், உங்கள பாத்து நேரா இழுத்தா லிப் கிழியும். வழுக்குறதுக்கு சோப்புத் தண்ணி மட்டும் போதும். ஆயில், கிரீஸ் ரப்பர ஊதிப்போக வைக்கும், சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா பின்னாடி அந்த எடத்துல பெயின்ட் அடிக்கிறப்ப மீன் கண்ணு மாதிரி குழி குழியா வரும். வெளிய நிக்கிறவரு கைய தட்டக் கூடாது, அழுத்தணும், அதுவும் கயிறு வந்துக்கிட்டு இருக்க எடத்துல மட்டும். ஒரு கார்னர் உக்காரலன்னா கோவத்துல குத்தாம கயிற திரும்ப விட்டு மறுபடி இழுங்க. இந்த ரப்பர் அத தாங்குது, லிப்ல ஒரு கீறல் இல்ல.

முடிச்சதும் ஹோஸ்ல தண்ணிய கீழருந்து மேல மெதுவா விட்டு பாத்தேன், உள்ள ஒருத்தர் டார்ச் வச்சு பாத்துக்கிட்டே இருந்தாங்க. முன்னாடி, சைடு ரெண்டும் சொட்டு இல்ல. பின் கண்ணாடி கீழ ஒரு ஓரத்துல லேசா ஈரம், ரப்பர் அங்க முழுசா எறங்கல, உள்ளங்கையால அழுத்தி விட்டதும் நின்னுடுச்சு. பின் கண்ணாடிய அலட்சியம் பண்ணாதீங்க, பீட்டில்ல பேட்டரி பின் சீட்டுக்கு அடில இருக்கு, அந்த வழியா எறங்குற தண்ணி பேட்டரி வைக்கிற தகரத்த அரிச்சிட்டு போயிடும்.

கதவு கண்ணாடிக்கு இந்த செட்ல ஒண்ணும் வராது, வெளிப்பக்கம் கண்ணாடிய உரசுற ஸ்க்ரேப்பரும் உள்ள ஓடுற சேனல் ஃபெல்ட்டும் தனியா பாக்கணும். ஒரிஜினல் டிரிம் கையில இருக்கவங்க ரப்பர் மட்டும் தனியா கிடைக்குதான்னு கேட்டு அத வாங்குங்க. டிரிம் இல்லாதவங்க இந்த செட்டுக்காக காச செலவு பண்றதுக்கு பதிலா பழைய பார்ட்ஸ்ல ஒரு நேரான டிரிம் ஜோடி தேடுங்க, க்ளிப்போட சேத்து.