ஒரே பள்ளிக்கூடம் உள்ள ஊரா, பத்துப் பள்ளிகள் உள்ள டிஸ்ட்ரிக்டா?

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் வீடு தேடும் நம்மவர்கள் பேச்சைத் தொடங்குவது வீட்டில்; முடிப்பது ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தில். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு பக்கம் வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோ. இரண்டு ஊர்கள் சேர்ந்து நடத்தும் டிஸ்ட்ரிக்ட், பத்துப் பள்ளிகள், 9,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள், இரண்டு ஹை ஸ்கூல்கள். இன்னொரு பக்கம், பிளெயின்ஸ்பரோவை ஒட்டியே இருக்கும் கிரான்பரி. நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஒரே ஒரு பள்ளி, அதுவும் எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் பிள்ளைகள் பஸ் ஏறி பிரின்ஸ்டன் ஹை ஸ்கூலுக்குப் போக வேண்டும்.

நாங்கள் கிரான்பரியை எடுத்தோம். பெரியவன் இந்த ஆண்டுதான் பிரின்ஸ்டனில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்திருக்கிறான், சின்னவள் இன்னும் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிப்பின் தரம், பாதுகாப்பு, வகுப்பில் இந்தியப் பிள்ளைகள் இருப்பார்களா என்பதெல்லாம் முதலில் எல்லோரும் கேட்பவை. இரண்டு இடத்திலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் எங்கே சேர்த்தாலும் பிள்ளை நன்றாகப் படிக்கும். நான் அதிக நேரம் செலவழித்தது வேறொரு கேள்வியில்: பள்ளிக்குப் போகும் பணத்தைத் தீர்மானிப்பது யார், அவர்களிடம் நான் போய்ப் பேச முடியுமா?

இங்கே ஒரு அடிப்படையைச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் 600-ஐ ஒட்டிப் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி போர்டு (நிர்வாகக் குழு), தனி பட்ஜெட், தனி சொத்து வரி. போர்டு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான ஊர்களில் மக்கள் ஓட்டுப்போட்டு மூன்று ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியிட ஊர் வாக்காளர்கள் சிலர் கையெழுத்துப் போட்டால் போதும். போர்டு சூப்பரின்டென்டன்டை நியமிக்கிறது, அவர் பள்ளியை நடத்துகிறார். மார்ச்சில் வரைவு பட்ஜெட் வரும், ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ பொது விசாரணை. முன்பெல்லாம் ஏப்ரல் தேர்தலில் பட்ஜெட்டுக்கே மக்கள் ஓட்டுப் போடுவார்கள். 2012-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான ஊர்கள் போர்டு தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொண்டன. அப்படி மாற்றிய ஊரில், வரி உயர்வு வரம்புக்குள் இருந்தால் பட்ஜெட்டுக்குத் தனி ஓட்டு இல்லை. ஆக, அந்தப் பொது விசாரணைதான் நமக்கு மிச்சமிருக்கும் வாசல்.

விசா காலத்தில் சொத்து வரி கட்டிக்கொண்டே பல வருடம் ஓட்டு இல்லாமல் இருந்தவன் நான். ஓட்டு இல்லாவிட்டாலும் போர்டு கூட்டத்தில் எழுந்து பேசலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கூட்டங்கள் சட்டப்படி திறந்தவை. குடியுரிமை இல்லாத பெற்றோரும் மைக்கின் முன்னால் போய் நிற்கலாம். இதைக் கிரான்பரிக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். முதல் முறை போனபோது, நம் பிள்ளைகளுக்காகப் பிரின்ஸ்டன் ஹை ஸ்கூலுக்கு ஊர் கட்டும் கட்டணம் பட்ஜெட்டில் ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டேன். கணக்கு அதிகாரி பொறுமையாக விளக்கினார்: முதலில் ஒரு உத்தேசத் தொகை கட்டுகிறோம், ஒரு மாணவருக்கு உண்மையில் ஆன செலவைப் பின்னால் மாநிலம் உறுதிசெய்யும், அந்த வித்தியாசம் சில ஆண்டுகள் கழித்து வந்து சேரும். ஐந்து நிமிடம் ஆயிற்று. எனக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய விஷயம்.

வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோவிலும் இதே உரிமை இருக்கிறது. போர்டில் ஒன்பது பேர், ஐந்து பேர் வெஸ்ட் விண்ட்சருக்கு, நான்கு பேர் பிளெயின்ஸ்பரோவுக்கு. ஆனால் பத்துப் பள்ளிகளின் விஷயம் ஒரே மேசைக்கு வருகிறது. அங்கே ஒரு முடிவு எவ்வளவு பேரைத் தொடும் என்பதற்கு 2015 நல்ல உதாரணம். பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் காரணம் காட்டி அப்போதைய சூப்பரின்டென்டன்ட் டேவிட் அடர்ஹோல்ட் ஹை ஸ்கூலின் அரையாண்டு, இறுதித் தேர்வுகளை நிறுத்தினார். பெற்றோர் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது நாடு முழுக்கச் செய்தியாயிற்று. அந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த அளவு கூட்டத்தில் ஒரு தனிக் குரலுக்கு எவ்வளவு எடை என்பதையும் யோசித்தேன்.

சரி, பணம். மாநிலம் முழுவதற்கும் 2008-ல் வந்த பள்ளி நிதிச் சட்டம்தான் சூத்திரம். ஊரின் சொத்து மதிப்பையும் வருமானத்தையும் பார்த்து, "நீங்களே இவ்வளவு கட்ட முடியும்" என்று கணக்குப் போட்டு, மிச்சத்துக்குத்தான் மாநில உதவி. வசதியான ஊர்களான இந்த இரண்டு டிஸ்ட்ரிக்டிலும் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்தே வருகிறது. அந்த வரியை ஒரு ஆண்டில் 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2010-ல் சட்டம் வந்தது. மாணவர் எண்ணிக்கை கூடுவது, மருத்துவக் காப்பீட்டுச் செலவு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அதையும் தாண்ட வேண்டுமானால் ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும்.

கிரான்பரிக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. டர்ன்பைக் நெடுஞ்சாலையின் 8ஏ எக்ஸிட் பக்கம் வரிசையாக நிற்கும் வேர்ஹவுஸ்கள். லாரிப் போக்குவரத்தைப் பற்றி ஊரில் குறை சொல்லாத ஆள் இல்லை. ஆனால் அந்தக் கட்டடங்கள் வரி கட்டுகின்றன, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை. வீட்டுக்காரர்கள் மேல் விழும் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. இரண்டு ஊர் சேர்ந்த டிஸ்ட்ரிக்டில் கதை வேறு: மொத்தச் செலவைச் சொத்து மதிப்பின்படி இரண்டு ஊரும் பங்கிட்டுக்கொள்கின்றன. பக்கத்து ஊரைவிட நம் ஊரின் மதிப்பு வேகமாக ஏறினால், பட்ஜெட் அதிகம் ஏறாவிட்டாலும் நம் பங்கு ஏறலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சின்ன பட்ஜெட் என்றால் ஒரு அதிர்ச்சியைத் தாங்கும் இடம் குறைவு. சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒரு குழந்தையை வெளிப் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் அந்தச் செலவையும் பஸ் செலவையும் டிஸ்ட்ரிக்டே ஏற்க வேண்டும். அது அந்தக் குழந்தையின் உரிமை. பெரும் செலவு ஆனால் மாநிலம் கொஞ்சம் ஈடு செய்யும், முழுதாக இல்லை. 9,000 பிள்ளைகள் உள்ள இடத்தில் இது பட்ஜெட்டின் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். ஐந்நூறை ஒட்டிய பிள்ளைகள் உள்ள இடத்தில் வேறு எதையாவது தள்ளிப்போட வேண்டி வரலாம். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அந்தத் தேவை வரவில்லை. தேவை உள்ள குழந்தைக்குப் பெரிய டிஸ்ட்ரிக்டில் உள்ளேயே வகுப்பும் நிபுணர்களும் அமைக்க ஆட்பலம் இருக்கும். அப்படி ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் என் சிபாரிசை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இடத்திலும் நேரில் போய்ப் பேசுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் நண்பர்கள் அனுப்பும் தரவரிசைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் நடக்கிறது. ஒரு வகுப்பில் மொத்தமே ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பிள்ளைகள் அன்றைக்குச் சரியாக எழுதவில்லை என்றால் ஊரின் தேர்ச்சி பத்து புள்ளி இறங்கிவிடும். அடுத்த ஆண்டு ஏறிவிடும். சின்ன ஊரின் எண்களை ஒரு ஆண்டுக்கு மட்டும் பார்ப்பதில் பொருளில்லை. நாலைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் நாங்கள் மனசு வைத்தோம்.

இனி, என்னைப் பல நாள் தூங்கவிடாத ஹை ஸ்கூல் விஷயம். கிரான்பரி பிள்ளைகள் பிரின்ஸ்டனுக்குப் போவது ஒப்பந்தத்தின் பேரில். கிரான்பரி கட்டணம் கட்டுகிறது, பிரின்ஸ்டன் சேர்த்துக்கொள்கிறது. பிரின்ஸ்டன் போர்டில் கிரான்பரிக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த ஒருவர் எல்லாவற்றிலும் ஓட்டுப் போட முடியாது. கட்டணம், ஹை ஸ்கூல் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் என்று நம் பிள்ளைகளைத் தொடும் விஷயங்களில் மட்டும்தான். பிரின்ஸ்டனில் பள்ளிக் கட்டடங்களுக்காக வாக்கெடுப்பு நடந்தால் கிரான்பரிக்காரருக்கு அதில் ஓட்டு கிடையாது, பிள்ளை அந்தக் கட்டடத்தில்தான் படித்தாலும்.

2018-ல் இந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஹை ஸ்கூலில் ஏற்கெனவே இட நெருக்கடி. வெளியூர்ப் பிள்ளைகளை ஏன் சேர்க்க வேண்டும் என்று பிரின்ஸ்டன் பெற்றோர் சிலர் கேட்டார்கள். கடைசியில் போர்டு பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தது. அந்த விவாதத்தைப் படித்தபோது சங்கடமாக இருந்தது, அவர்கள் கேட்டதில் தப்பும் இல்லை. அவர்கள் ஊர், அவர்கள் வரி. ஒரு ஆறுதல்: இந்த உறவை எந்த ஊரும் தானாக வெட்டிவிட முடியாது, மாநிலக் கல்வி ஆணையரின் அனுமதி வேண்டும். நடுவில் பிள்ளைகள் தெருவில் நிற்க மாட்டார்கள்.

வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோவில் இந்தக் கவலையே இல்லை. கிண்டர்கார்டனில் சேர்ந்த குழந்தை பன்னிரண்டாம் வகுப்பு வரை தன் டிஸ்ட்ரிக்டிலேயே இருக்கும், பெற்றோரின் ஓட்டும் கடைசி வரை கூடவே வரும். அந்த ஒன்றுக்காகவே அங்கே போன குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்கள் காரணத்தில் எனக்கு மறுப்பு இல்லை.

நாங்கள் போட்ட கணக்கு வேறு. கிண்டர்கார்டனிலிருந்து எட்டு வரை ஒன்பது ஆண்டு. ஹை ஸ்கூல் நான்கு ஆண்டு. பிள்ளைக்கு நம் துணை அதிகம் தேவைப்படுவது அந்த முதல் ஒன்பதில்தான். ஆசிரியர், பிரின்சிபல், போர்டு உறுப்பினர் எல்லோரும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் அது கழியட்டும் என்று நினைத்தோம். ஐந்தாம் வகுப்பில் பெரியவன் கொஞ்சம் ஒதுங்கிப் போனதை எங்களுக்கு முன்னால் கவனித்துக் கூப்பிட்டுச் சொன்னது பள்ளிதான். பெரிய இடத்திலும் அப்படிக் கவனிக்கும் ஆசிரியர்கள் இருப்பார்கள். எனக்குக் கிடைத்தது இங்கே.

பிரின்ஸ்டனில் அவனுக்கு இன்னும் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. ஏறத்தாழ 1,500 பேர் நடுவில் முதல் வாரங்கள் கஷ்டமாக இருந்தன, இப்போது ஆர்கெஸ்ட்ராவில் நண்பர்கள் பிடித்துவிட்டான். அவ்வளவுதான் என்னால் இப்போதைக்குச் சொல்ல முடியும். சின்னவள் ஒன்பதாம் வகுப்பை எட்டும் சமயத்தில் அந்தப் பத்தாண்டு ஒப்பந்தம் மறுபடி பேச்சுக்கு வந்துவிடும். அதனால்தான் பிரின்ஸ்டன் போர்டு கூட்டம் நடக்கும் நாட்களையும் இப்போது காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.