க்ளிக் ஹீட் பேக்: வெந்நீர்ப் பைக்கு மாற்றா?

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பை. உள்ளே தெளிந்த திரவம், அதில் ஒரு சின்ன உலோகத் தகடு. தகட்டை 'க்ளிக்' என்று சொடுக்கினால் திரவம் சில நொடிகளில் வெள்ளையாக உறைந்து, பை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. கழுத்துப் பிடிப்பு, மாதவிடாய் வலி, மலைப் பயணம் என்று எல்லாவற்றுக்கும் இதையே விற்கிறார்கள்.

உள்ளே இருப்பது சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட், அதாவது படிகத்துக்குள் நீரையும் சேர்த்து வைத்திருக்கும் உப்பு. வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் கிடைக்கும் அதே உப்புதான், நஞ்சில்லை. இது 58 டிகிரியில் உருகும். ஆனால் உருகியது ஆறும்போது அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் உறையாமல் திரவமாகவே நிற்கும், படிகம் தொடங்க ஒரு விதை கிடைக்கும்வரை. தகட்டின் நுண்பிளவுகளில் சிக்கியிருக்கும் படிகத் துணுக்குகள் சொடுக்கும்போது வெளிப்பட்டு அந்த விதையாகின்றன என்பது பொதுவான விளக்கம். உறையும்போது, உருகியபோது உள்வாங்கிய வெப்பம் (உள்ளுறை வெப்பம்) வெளியேறுகிறது. உருகுநிலையைத் தொட்டதும் உறைதல் தானாகவே மட்டுப்படுவதால் சூடு 58-ஐத் தாண்டாது. இந்தப் பொருளின் மிகப் பெரிய நன்மை இதுதான்.

கறாராகப் பார்த்தால் இது வேதிவினையே அல்ல, நிலைமாற்றம். அடுப்பில் நாம் ஏற்றிய வெப்பத்தைத்தான் பை திருப்பித் தருகிறது. 100 கிராம் பையிலிருந்து சுமார் 20 கிலோஜூல் கிடைக்கும். ஒரு டம்ளர் (200 மில்லி) தண்ணீரை 24 டிகிரி ஏற்றும் அளவு. அதை மறுபடி உருக்க ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்தால் அதற்கு மட்டுமே 300 கிலோஜூல் போகிறது. மின்சாரமே வேண்டாம் என்ற விற்பனைப் பேச்சில் கேஸ் கணக்கு வருவதில்லை. நான்கைந்து பைகளை ஒரே பாத்திரத்தில் போட்டால் ஓரளவு கட்டுப்படியாகும்.

உருக்கும் முறையில்தான் பெரும்பாலான பைகள் பாழாகின்றன. பாத்திரத்தின் அடியில் பருத்தித் துணியை விரித்து, பை முழுக்க மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் சிம்மில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். துணி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் அடியில் ஒட்டி ஓட்டை விழும். எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்து மூலைகளைப் பாருங்கள். கடுகளவு வெள்ளை மிஞ்சியிருந்தாலும் ஆறும்போது முழுப் பையும் தானாக உறைந்துவிடும், மறுபடி அடுப்புதான். ஆறும்வரை தகட்டைத் தொடாதீர்கள். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது: உள்ளே உலோகம் இருக்கிறது, சூடும் சீராகப் பரவாமல் பை வெடிக்கலாம்.

நாள்பட்ட பையில் வேறொரு கோளாறு வரும். பிளாஸ்டிக் வழியே ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிட்டால் நீரற்ற உப்பு அடியில் தங்கும். அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் முழுதாகக் கரையாது. அந்தப் பைக்கு வைத்தியம் கிடையாது.

வீட்டில் ஒத்தடம் மட்டும்தான் தேவை என்றால் ரப்பர் வெந்நீர்ப் பையே மேல். ஒரு லிட்டர் வெந்நீர் 60-இலிருந்து 40 டிகிரிக்கு இறங்கும்போதே 84 கிலோஜூல் தருகிறது. க்ளிக் பையின் பலம், அடுப்பில்லாத இடத்தில் நினைத்த நொடியில் சூடு கிடைப்பது: அலுவலகம், ரயில், இரவு படுக்கை. சிறிய பை அரை மணி நேரம் தாங்கினால் நல்லது. துணியில் சுற்றி வைத்தால் சூடு நீடிக்கும், தோலும் பிழைக்கும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் வெறும் தோலில் வைக்காதீர்கள். 50 டிகிரி தொடர்ந்து பட்டால் கொப்பளிக்கும்.

லடாக், மணாலி போகிறவர்கள் இதை நம்ப வேண்டாம். இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், ஈரம் கலந்த ஒருமுறைப் பொட்டலம் வாங்குங்கள். அங்கே நடப்பது உண்மையான வேதிவினை: இரும்பு துருப்பிடிப்பதுதான், வேகமாக. 10 கிராம் இரும்பு முழுதும் துருவானால் 70 கிலோஜூலுக்கு மேல். காற்று புகும் வேகத்தில் எரிபொருள் செலவாவதால் மணிக்கணக்கில் வருகிறது. இதற்கும் ஒரு குறை உண்டு: லே நகரின் 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குதான், ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. சூடேற நேரமாகும். இறுக்கமான ஷூவுக்குள் கைக்கான பொட்டலத்தைத் திணித்தால் மூச்சுத் திணறி ஆறிப்போகும். காலுக்கென்று தனியாக விற்பதை வாங்குங்கள். பாதியில் நிறுத்த வேண்டுமா? காற்றை வெளியேற்றி ஜிப் கவரில் மூடுங்கள், அடுத்த முறைக்கு மிச்சமிருக்கும்.

க்ளிக் பையைக் கடையில் வாங்கும்போது ஒட்டிய விளிம்பு அகலமாக இருக்கிறதா, திரவம் முழுக்கத் தெளிந்திருக்கிறதா, தகடு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று சொடுக்கிவிட்டால், கடைக்காரர் அடுப்பு வைக்க வேண்டியிருக்கும்.