ஒரே பஸ்ஸா, மூன்று பஸ்ஸா?

சென்னை ரிச்சி தெருவில் சிப் வாங்கி பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் ஒயர் செருகும் பலகை) 8 பிட் பிராசஸர் கட்டப் போகிறவர்கள் பஸ் எத்தனை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். (நம்ம 27சி, 29சி விவகாரம் இல்லை இது; பிராசஸருக்குள் மதிப்புகளைக் கொண்டுபோகும் ஒயர் கூட்டம்.) பாதியில் மாற்றினால் ஒயர் முழுக்கப் பிடுங்க வேண்டியதுதான்.

ஒரே பஸ்ஸில் ஒரு கிளாக்குக்கு (பிராசஸரின் ஒரு துடிப்புக்கு) ஒரு மதிப்புதான் போகும். ஆர்1, ஆர்2 என்ற ரிஜிஸ்டர்கள் (ஒரு மதிப்பைப் பிடித்து வைக்கும் இடங்கள்) இரண்டையும் கூட்டி ஆர்3-இல் வைக்க மூன்று கிளாக்: முதலில் ஆர்1, ஒய் என்ற தற்காலிக ரிஜிஸ்டருக்குப் போகும், அடுத்து ஆர்2 பஸ்ஸில் ஏற, கூட்டல் விடை இசட் என்ற இன்னொரு தற்காலிக ரிஜிஸ்டரில் விழும், பிறகு இசட்டிலிருந்து ஆர்3. மூன்று பஸ் என்றால் ஏ, பி பஸ்கள் வழியே இரண்டும் சேர்ந்து போய், விடை சி பஸ் வழியே திரும்பும். ஒரே கிளாக். ஆனால் கட்டளையை மெமரியிலிருந்து எடுக்கும் நேரம் குறையாது என்பதால் மொத்த வேகம் மும்மடங்காகாது.

மூன்று பஸ்ஸுக்குச் செலவு ரிஜிஸ்டரில்தான் ஏறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 74எச்சி245 பஃபர் (ரிஜிஸ்டரின் மதிப்பைத் தேவையானபோது மட்டும் பஸ்ஸில் ஏற்றும் சிப்) போதும் என்பது இரண்டாகும். 8 பஸ் ஒயர் 24 ஆகும். ரிஜிஸ்டருக்குச் சாதாரண லாட்ச் (திறந்திருக்கும்வரை உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும் சிப்) போட்டால், ஆர்1-ஐக் கூட்டி ஆர்1-இலேயே எழுதும் விடை உடனே ஏ பஸ்ஸுக்குத் திரும்பி, மறுபடி மறுபடி கூடிக்கொண்டே போகும். கிளாக் விளிம்பில் மட்டும் பிடிக்கும் 74எச்சி377 போடுங்கள்.

சிப் தொட்டால் சுடுகிறதா? இரண்டு பஃபர் ஒரே பஸ்ஸில் சேர்ந்து பேசுகின்றன. பஃபரைத் திறந்து மூடும் எனேபிள் பின்களைப் பாருங்கள். முதல் முறை கட்டுபவருக்கு ஒரே பஸ்தான் என் சிபாரிசு.