பாமினியா, தமிழ்99ஆ, அஞ்சலா? மேசைக் கணினியில் தமிழ் எழுதும் வழிகள்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிக்கேசனிலோ, பாடசாலை அலுவலகத்திலோ, சனசமூக நிலையத்திலோ இருக்கும் மேசைக் கணினியில் தமிழ் எழுதலாமா என்று கேட்டால், "பாமினி இருக்கிறது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதிலுக்குள் இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கணினி எழுத்தை எந்த வடிவில் சேமிக்கிறது என்பது ஒன்று. எழுதுபவரின் விரல் எந்த விசைக்குப் போகிறது என்பது மற்றொன்று. பாமினி என்ற ஒரே பெயர் எழுத்துருவையும் அதற்குரிய விசைத்தளத்தையும் சேர்த்துக் குறிப்பதால், ஒன்றைக் கைவிட்டால் மற்றதையும் கைவிடவேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எது யாருக்கு உகந்தது என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதாகிவிடும்.

திரையில் தமிழ், கோப்பில் ஆங்கிலம்

பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று தட்டுபவர் உண்மையில் ஆங்கில விசைப்பலகையின் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் ஆகிய ஐந்து விசைகளைத் தட்டுகிறார். கோப்பில் பதிவதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே; அவற்றின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியிலோ கைப்பேசியிலோ அந்தக் கோப்பைத் திறந்தால் போர்வை விலகி ஆங்கிலக் குப்பை தெரிவது இதனால்தான்.

வேர்ட் போன்ற மென்பொருளும் அதை ஆங்கிலம் என்றே நம்புகிறது. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், பந்தியின் தொடக்கத்தில் எழுதிய "அவர்" கண்முன்னேயே "ஆவர்" ஆகிவிடும். "கமலா" என்று தொடங்கினால் "குமலா" ஆகிவிடும். பாமினியில் அகரத்துக்குரிய விசையை ஷிப்டுடன் அழுத்தினால் ஆகாரமும், ககரத்துக்குரிய விசையை அவ்வாறு அழுத்தினால் "கு"வும் வருவதே காரணம். இந்தத் தொல்லை மட்டுமென்றால், வேர்டின் ஓட்டோ கரெக்ட் தெரிவுகளுக்குள் சென்று அந்த வசதிக்கு எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும்.

எக்செலில் வரும் சிக்கலுக்கு அப்படி ஒரு பரிகாரம் கிடையாது. மாணவர் இடாப்பு ஒன்றைப் பாமினியில் தட்டி அகரவரிசைப்படுத்துமாறு கட்டளையிட்டால், கணினி ஆங்கில எழுத்துகளின் வரிசையையே பின்பற்றும். யாழினி, உமா, நளினி, கமலா, பவானி, தர்சினி, மதி, அருள் என்ற ஒழுங்கில் பெயர்கள் வந்து நிற்கும். ஆங்கிலத்தின் முதலெழுத்தான ஏ பாமினியில் யகரம் என்பதால் யாழினிக்கு முதலிடம். அகரம் எம் விசையில் இருப்பதால் அருள் மதிக்கும் பின்னால். இகரமோ ஆங்கிலக் காற்புள்ளி விசையில் அமர்ந்திருப்பதால் இந்திரா என்று ஒருவர் இருந்தால் அவர் யாழினியையும் முந்திவிடுவார். இதே பெயர்களை, தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் எழுதியிருந்தால் அருள், உமா, கமலா, தர்சினி, நளினி, பவானி, மதி, யாழினி என்று முறையாக நிரல்படும். பெயர்ப்பட்டியல்களைக் கையாளும் எந்த அலுவலகத்துக்கும் இந்த ஒரு காரணமே போதுமானது என்பது என் எண்ணம். இணையத்தில் தேடினாலோ கணினிக்குள்ளேயே கோப்பைத் தேடினாலோ பாமினியில் எழுதியது தமிழ்ச் சொல்லாக அகப்படாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இருந்தும் பாமினி இத்தனை காலம் நிலைத்ததற்கு வலுவான காரணங்கள் உள்ளன. அதன் நடுவரிசை ய, ள, ன, க, ப என்று தொடங்கும் தட்டச்சுப் பொறியின் வரிசையே. பத்து விரல்களாலும் தட்டச்சுப் பழகியவர்கள் கணினிக்கு மாறியபோது விரலை மாற்றவேண்டியிருக்கவில்லை. (தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவராகப் போற்றப்படும் ஆர். முத்தையா 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) அச்சகங்களின் நிலைமையும் ஒரு காரணம். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல்; அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. திருமண அழைப்பிதழையும் திருவிழா அறிவித்தலையும் 31ஆம் நாள் நினைவு நூலான கல்வெட்டையும் இன்றும் அதில் வடிவமைக்கும் ஒருவரிடம் யூனிகோட்டின் பெருமையைப் பேசிப் பயனில்லை. அச்சிட்டுக் கையில் கொடுப்பதோடு முடிந்துபோகும் வேலைக்குப் பாமினி இன்னும் போதும். இன்டிசைனுக்கு மாறியவர்கள் பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற தெரிவை எடுத்துக்கொண்டால், கொம்பும் காலும் இடம் மாறாமல் யூனிகோட் தமிழ் ஒழுங்காக அமையும்.

விரலை மாற்றாமல் கோப்பை மாற்றுதல்

பாமினியில் வேகமாகத் தட்டுபவருக்கு நான் முதலில் சொல்வது தமிழ்99ஐ அல்ல. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய மென்பொருள்களில் பாமினி விசைத்தளமும் ஒரு தெரிவாக இருக்கிறது. அதைத் தெரிவுசெய்துகொண்டால் விரல்கள் பழைய விசைகளையே தட்டும். கோப்பில் மட்டும் யூனிகோட் தமிழ் பதியும். இருபது ஆண்டுப் பழக்கத்தை ஒருவரிடமிருந்து பறிக்காமல் அவர் எழுதுவதைத் தேடத்தக்கதாகவும் வரிசைப்படுத்தத்தக்கதாகவும் ஆக்கும் வழி இதுவே. அலுவலகங்கள் முதலில் செய்யவேண்டியதும் இதுவே.

நிறுவிய உடனே "கொழும்பு" என்று ஒருமுறை தட்டிப் பார்க்கவேண்டும். தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் வரும். யூனிகோட்டிலோ மெய்க்குப் பிறகே உயிர்க்குறி சேமிக்கப்படும். கொம்பை முன்னால் தட்டியும் சொல் சரியாக அமைந்தால் அந்த மென்பொருளை நம்பி வேலையைத் தொடங்கலாம். புள்ளியிட்ட வட்டம் ஒன்று தோன்றினால் அமைப்பில் ஏதோ கோளாறு.

லினக்ஸ் பாவனையாளர்களுக்கு இதற்கு நெருங்கிய இன்னொரு தெரிவு உண்டு. எம்17என் உள்ளீட்டுத் தொகுப்பில் இலங்கைக்குரிய ரெங்கநாதன் விசைத்தளம் தனியாகவே இருக்கிறது. தட்டச்சு மரபில் வந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

தமிழ்99

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழ்நாடு அரசின் தரமாக ஏற்கப்பட்ட விசைத்தளம் இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால், உயிர்மெய் ஒன்றை எழுதும்போது இரண்டு கைகளும் மாறிமாறி இயங்குகின்றன. கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே ஷிப்ட் வேண்டும். ஜெயந்தி, ஸ்கந்தராஜா என்று பெயர்கள் நிறைந்த எங்கள் ஊரில் அது அடிக்கடி வேண்டியிருக்கும் என்பது வேறு கதை.

இதன் சிறப்பு புள்ளியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். மகரத்தை அடுத்துப் பகரமோ, நகரத்தை அடுத்துத் தகரமோ வந்தாலும் அப்படியே. ஆகவே "தம்பி" என்பதற்கு த, ம, ப, இ என்ற நான்கு தட்டுகளே போதும். "மமதை" போன்று புள்ளி வேண்டாத இடத்தில் முதல் மகரத்துக்குப் பின் அகர விசையை ஒருமுறை அழுத்தி அதைத் தடுக்கவேண்டும். பழகும் காலத்தில் பலரைச் சலிக்கவைப்பது இந்த இடம்தான். "வணக்கம்" என்ற சொல்லைக் கொண்டு ஒப்பிட்டால், தமிழ்99இல் ஆறு தட்டுகள், பாமினியில் ஏழு, ஆங்கில ஒலிப்பில் எழுதும் அஞ்சல் விசைத்தளத்தில் எட்டு. அந்த எட்டில் ணகரத்துக்கு ஷிப்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். ஒரு சொல்லில் இது அற்பமான வேறுபாடு. நாள் முழுவதும் அறிக்கை தட்டுபவரின் மணிக்கட்டுக்கு அது அற்பமல்ல.

விசைப்பலகையில் தமிழ் எழுத்து ஒட்டியிராதது ஒரு தடையன்று. விண்டோஸ், கொன்ட்ரோல், ஓ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை தோன்றும்; தமிழ்99 தெரிவில் இருக்கும்போது அதன் மேல் தமிழ் எழுத்துகளே காணப்படும். அதைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பழகினால் கண் தானாகவே கீழே பார்ப்பதை விட்டுவிடும். இதுவரை எந்த விசைத்தளமும் பழகாத பாடசாலை மாணவருக்குக் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் தமிழ்99ஐத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆங்கில ஒலிப்பில் எழுதுதல்

அம்மா என்று வர ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டும் முறையில் இரண்டு வகைகள் உள்ளன. இரண்டையும் ஒன்றென எண்ணக்கூடாது. அஞ்சல் விசைத்தளம் விதிப்படி இயங்குவது. இன்ன விசைக்கு இன்ன எழுத்து என்பது என்றும் மாறாது. கூகுளின் உள்ளீட்டுக் கருவியும் மைக்ரோசொஃப்டின் ஃபொனெட்டிக் விசைப்பலகையும் ஊகத்தின்படி இயங்குபவை. நாம் தட்டுவதைப் பார்த்து ஒரு சொற்பட்டியலை நீட்டுகின்றன. ஊகம் சரியாக இருக்கும்வரை அது சுகமாகத்தான் இருக்கும். அளவெட்டி, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று முகவரிகளை எழுதத் தொடங்கினால், ஒவ்வொரு சொல்லுக்கும் பட்டியலைக் கண்ணால் மேய்ந்து தெரிவுசெய்யவேண்டியிருக்கும். அதைவிட அஞ்சலின் விதிகளை ஒருமுறை மனத்தில் இருத்திக்கொள்வது மேல்.

அஞ்சலிலும் ல, ள, ழ வேறுபாட்டை எழுதுபவரே காக்கவேண்டும். ஷிப்டை மறந்துவிட்டால் "பள்ளி" ஓசையின்றிப் "பல்லி" ஆகிவிடும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே ஆகையால் எந்தச் சொற்பிழை திருத்தியும் காட்டித்தராது. வாரத்தில் ஓரிரு கடிதம் எழுதுபவருக்கு இந்த முறை தாராளமாகப் போதும். அதற்கு மேல் எழுதுபவர், தமிழ்ச் சொல்லை மனத்துக்குள் ஆங்கில எழுத்தில் கூட்டிப் பார்க்கும் சுமையை நெடுநாள் சுமக்கவேண்டியதில்லை.

பேச்சைக் கேட்டு எழுதும் வசதி கூகுள் டொக்ஸில் தமிழுக்கும் உண்டு. முதல் வரைவுக்கு அது உதவும்; ஆயினும் நிறுத்தற்குறிகளையும் ஆட்பெயர்களையும் பிறகு கையாலேயே திருத்தவேண்டும்.

விண்டோஸில் அமைக்கும்போது

தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து இயங்குதளத்தோடேயே வருகின்றன. அவற்றுக்காக வேறெதையும் தரவிறக்கவேண்டியதில்லை. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, அதன் தெரிவுகளுக்குள் விரும்பிய விசைப்பலகையை இணைத்துவிட்டால் போதும். வேண்டாத விசைப்பலகைகளை அங்கேயே நீக்கிவிடுவது நல்லது. நான்கைந்து இருந்தால் மாற்றும்போது எதில் நிற்கிறோம் என்பது தெரியாமல் போய்விடும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். விசைப்பலகைக்கான மேம்பட்ட அமைப்புகளில் ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறையை வைத்திருக்கும் தெரிவு ஒன்று உள்ளது. வேர்டில் தமிழிலும் உலாவியில் ஆங்கிலத்திலும் மாறிமாறி வேலை செய்பவர்கள் அதை அவசியம் இயக்கிக்கொள்ளவேண்டும். கடவுச்சொல்லைத் தமிழில் தட்டிவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று தவிக்கும் நிலை அதனால் பெருமளவு குறையும்.

வேர்டில் யூனிகோட் தமிழின் எழுத்துருவை மாற்றியும் மாறவில்லை என்ற முறைப்பாடு அடிக்கடி எழுவது. வேர்ட் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்ற வகையில் வைத்து, அதற்கென எழுத்துருவையும் அளவையும் தனியாகப் பேணுகிறது. கொன்ட்ரோலோடு டி விசையை அழுத்தினால் திறக்கும் எழுத்துருப் பெட்டியில் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதியில் லதாவையோ நிர்மலாவையோ தெரிந்து அளவையும் குறித்துவிட்டால் சிக்கல் தீரும்.

பழைய கோப்புகளை மாற்றும்போது

பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்ற இணையத்தில் சுரதா மாற்றியும், கணினியில் நிறுவிக்கொள்ள என்.எச்.எம். கொன்வேர்ட்டரும் உள்ளன. ஒரு சில பக்கங்களுக்கு முன்னது வசதி. கோப்புகள் நிறைய இருந்தால் பின்னது. எதைக் கொண்டு மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்கக்கூடாது. ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பாயின் தமிழ்ப் பகுதிகளை மட்டும் தெரிந்து மாற்றவேண்டும்; இல்லையேல் மின்னஞ்சல் முகவரியும் தமிழெழுத்துக் குவியலாகிவிடும்.

மாற்றிய பின் பலர் கவனிக்காமல் விடும் பிழை ஒன்று உண்டு. பாமினியில் தட்டுபவர்கள் ரகர மெய்க்குப் பதிலாகக் காலையும் புள்ளியையும் சேர்த்துத் தட்டுவது வழக்கம். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சரியாகக் கையாளாத மாற்றி அதை அப்படியே யூனிகோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், "அவா்", "ஆசிரியா்" என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியும் சொற்கள் தேடும்போது அகப்படமாட்டா. சோதிக்க, கொன்ட்ரோலோடு எஃப் விசையை அழுத்தி "ஆசிரியர்" என்று புதிதாகத் தட்டித் தேடவேண்டும். கண்முன் நிற்கும் சொல்லைக் கணினி இல்லை என்று சொன்னால் இந்தப் பிழை இருக்கிறது. பிழையான துண்டைத் தனியாகத் தெரிவுசெய்ய முடியாத மென்பொருள்களில், முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து "வா்", "யா்", "ளா்" என்று ஒவ்வொன்றாகப் படியெடுத்துத் தேடற் பெட்டியில் ஒட்டி, "வர்", "யர்", "ளர்" என்று மாற்றீடு செய்யவேண்டும். "வார்த்தை", "யார்" போன்ற சொற்களில் காலுக்குப் பின் உண்மையான ரகரமே இருப்பதால் அவை இதனால் கெடமாட்டா. "ஔவையார்" என்பதன் முதலெழுத்து ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்கிறதா என்பதையும் இதே முறையில் பார்த்துவிட்டு, பிறகு இடாப்பை அகரவரிசைப்படுத்தலாம்.