கியோட்டோவில் அறை தேடும் மாணவர்கள் கவனத்துக்கு: என் 1,28,300 யென் போன விதம்

1,28,300 யென். நம் பணத்தில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு சாவி கூடத் தரவில்லை. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்கிவிட்டால் மரியாதையாக எழுதிவிடுவேனோ என்று பயம்.

கடையின் பெயரைப் போடவில்லை. உண்மையையே எழுதினாலும் அவதூறு என்று வழக்குப் போட இந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டாம். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் வாடகை வீட்டுத் தரகு அலுவலகம். கண்ணாடிக் கதவில் பல நாட்டுக் கொடிகள். ஆங்கிலத்தில் அழகான இணையதளம். "ரெய்கின் இல்லை, ஷிகிகின் இல்லை, ஜாமீன் ஆள் தேவையில்லை, இந்தியாவில் இருந்தபடியே பதிவு செய்யலாம்" என்று விளம்பரம்.

ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகக் கொடுப்பது. திரும்ப வராது. அது போக ஷிகிகின் என்று அட்வான்ஸ் தனி. இரண்டும் இல்லை என்று ஒருவர் சொன்னால் மாணவனுக்கு எப்படி இருக்கும்?

நான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடத்துக்கு வந்தவன். அக்டோபரில் வகுப்பு. பல்கலைக்கழக விடுதியில் இடமில்லை என்று ஜூலையில் மின்னஞ்சல் வந்தது. வெளியே பார்த்துக்கொள் என்றால், சொந்தமாகப் போய்க் கேட்டு அறை பிடிப்பது இங்கே லேசில்லை. 2017-இல் ஜப்பான் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டினரில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த பயத்தில்தான் இந்த மாதிரிக் கடைகள் பிழைக்கின்றன.

நம்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதையேதான் செய்வார்கள். ஒரு இளைஞர். நல்ல ஆங்கிலம். வீடியோ காலில் வந்து, கேமராவைப் பிடித்துக்கொண்டே அறை முழுக்க நடந்து காட்டினார். இச்சிஜோஜி ஸ்டேஷன் பக்கம், மூன்றாவது மாடி, ஆறு தத்தாமி பாய் விரிக்கும் அளவில் அறை, சின்ன சமையல் மேடை. பால்கனிக் கதவைத் திறந்து, "அதோ ஹியெய் மலை" என்று காட்டினார். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, காஸ் அடுப்பா கரண்ட் அடுப்பா என்று கேட்கச் சொன்னார். அந்த ஆள் சமையல் மேடைக்குத் திரும்பி வந்து, அடுப்பைத் திருகிப் பற்றவைத்தே காட்டினார். அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அம்மா, ஓகே, ஓகே" என்று தலை குனிந்து வணங்கினார். கால் முடிந்ததும் அம்மா சொன்னார்: "நல்ல பிள்ளையா தெரியுது. பணத்தை அனுப்பிடுப்பா, வேற யாருக்காவது போயிடப் போகுது." அதையேதான் அந்த ஆளும் சொன்னார், இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று.

அப்பா வங்கியில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம் நிரப்பி 1,72,300 யென் அனுப்பினார். அந்த பில்லை அப்படியே போடுகிறேன், பாருங்கள். முதல் மாத வாடகையும் பொதுச் செலவும் 44,000. தரகு 45,100. ஜாமீன் ஆளுக்குப் பதிலாகப் பொறுப்பேற்கும் ஜாமீன் நிறுவனத்துக்கு 22,000. தீ காப்பீடு 15,000. பூட்டு மாற்ற 16,500. கிருமிநாசினி தெளிக்க 16,500. 24 மணி நேர உதவிச் சேவைக்கு 13,200. ரெய்கின் இல்லைதான். அதற்குப் பதில் இத்தனை தலைப்புகள்!

செப்டம்பர் கடைசியில் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, ரெசிடென்ஸ் கார்டை வாங்கிக்கொண்டு, ஹாருகா ரயிலில் கியோட்டோ போய், இரண்டு பெட்டிகளோடு நேராகக் கடைக்குப் போனேன். பச்சைத் தேநீர் கொடுத்தார்கள். பிறகு, "வீட்டுக்காரர் தரப்பில் ஒரு சூழ்நிலை" என்றார்கள். அந்த அறை இல்லையாம். வேறு ஒன்று இருக்கிறதாம், அதுவும் நல்ல அறைதானாம். கூட்டிப்போய்க் காட்டினார்கள். தரைத்தளம், ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், பாத்ரூம் மூலையில் கறுப்புப் பூஞ்சை. வாடகை 7,000 யென் அதிகம். "மலை எங்கே?" என்று கேட்டேன். சிரித்தார்கள்.

வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அங்கேதான் ஆரம்பித்தது. மாற்று அறையை மறுத்ததால் ரத்து செய்தது நான்தானாம். ஆகவே முதல் மாத 44,000 மட்டும் திரும்ப வரும், மற்ற சேவைகள் எல்லாம் "ஏற்கனவே நிறைவேற்றப்பட்டுவிட்டன". மிச்சம் 1,28,300 யென் அவர்களுக்கு. எனக்குக் கொடுக்காத அறையின் பூட்டை என் காசில் மாற்றியிருக்கிறார்கள். நான் மிதிக்காத தரையில் என் காசில் மருந்து தெளித்திருக்கிறார்கள். யாருக்காக?

அதன் பிறகு அவர்களைப் பிடிப்பதே வேலையாகிவிட்டது. போன் செய்தால், பொறுப்பாளர் இப்போது இருக்கையில் இல்லை. மறுபடி செய்தால், வாடிக்கையாளரோடு வெளியே போயிருக்கிறார். நேரில் போனால் புதன்கிழமை விடுமுறை (இங்கே பல வீட்டுத் தரகர்களுக்குப் புதன் விடுமுறை, தெரிந்துகொள்ளுங்கள்). மின்னஞ்சல் போட்டால், "சரிபார்த்துவிட்டுத் தெரிவிக்கிறோம்". எதைச் சரிபார்க்கிறார்கள் என்று மட்டும் சொல்வதில்லை. அம்மாவுக்கு ஓகே சொன்ன அந்த இளைஞர் வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். யாரும் குரல் உயர்த்தவில்லை, ஒவ்வொரு முறையும் வாசல் வரை வந்து குனிந்து வழியனுப்புகிறார்கள். சத்தம் போட்டு விரட்டியிருந்தால் கூட இவ்வளவு எரிந்திருக்காது.

பணம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. இந்த நாட்டில் முகவரி இல்லாதவனுக்கு எதுவுமே நகராது. குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும், அது ரெசிடென்ஸ் கார்டின் பின்பக்கம் அச்சாகும். எனக்குப் பதிய முகவரி இல்லை. முகவரி அச்சாகாத கார்டுக்குக் குரல் அழைப்போடு சிம் தர மாட்டேன் என்றார்கள். போன் நம்பர் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. வந்து ஆறு மாதம் ஆகாதவர்களைப் பல வங்கிகள் வாசலிலேயே திருப்பிவிடும், அதனால் புது மாணவர்கள் தபால் வங்கியான யூச்சோவுக்குத்தான் போவார்கள். அங்கேயும் கார்டில் முகவரி வேண்டும். கணக்கு இல்லையென்றால் உதவித்தொகை எங்கே வந்து விழும்? எனக்கு மாதம் 80,000 யென், ஜாஸோ என்னும் ஜப்பான் மாணவர் உதவி அமைப்பின் உதவித்தொகை. அது பல்கலைக்கழக அலுவலகத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நான் மலிவான விடுதியில் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில், அப்பாவின் கார்டில் காசு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பு தொடங்கிவிட்டது.

இடையில் ஒன்று. இந்தக் கிருமிநாசினிப் பணத்தைப் பற்றித் தேடியபோது 2018 டிசம்பர் செய்தி ஒன்று கிடைத்தது. சப்போரோவில் ஒரு வீட்டுத் தரகுக் கடை வெடித்துக் கட்டடமே இடிந்தது, 40 பேருக்கு மேல் காயம். காரணம்? கடைக்குள்ளேயே அறைக்குத் தெளிக்கும், கிருமியும் நாற்றமும் நீக்கும் சுமார் 120 ஸ்பிரே டப்பாக்களைத் திறந்து காலி செய்துவிட்டு, கை கழுவ வெந்நீர் கருவியைப் போட்டிருக்கிறார்கள். அத்தனை டப்பா ஏன் மிச்சம் இருந்தது என்று விசாரித்தால், வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கிவிட்டுச் சில அறைகளுக்குத் தெளிக்கவே இல்லை என்று வெளியே வந்தது. என் 16,500 யென்னை நினைத்துக்கொண்டேன்.

என் பல்கலைக்கழகம் புது மாணவர்களுக்கு ஒரு ஜப்பானிய மாணவரை ட்யூட்டராகப் போடுகிறது. என் ட்யூட்டர் தங்கமான பையன். பில்லில் பெயர் இருந்த ஜாமீன் நிறுவனத்துக்கு அவனே போன் செய்தான். நான் பக்கத்தில் இருந்து பெயரும் பிறந்த தேதியும் சொன்னேன். என் பெயரில் விண்ணப்பமே வரவில்லையாம். 22,000 யென் "நிறைவேற்றப்பட்ட சேவை"! இதைக் கடையில் கேட்டோம். சரிபார்த்துவிட்டுத் தெரிவிக்கிறார்களாம்.

ஒசாகாவில் ஆராய்ச்சி செய்யும் நம் ஊர் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நீ எதுல கையெழுத்து போட்ட?"

"எதுலயுமே இல்லண்ணா. வந்ததும் போடலாம்னாங்க."

"அப்ப ஒப்பந்தமே நடக்கல. தரகுக் காசு கேக்கவே அவங்களுக்கு உரிமை இல்ல. விடாத."

அவர் சொன்னதும் நான் பிறகு விசாரித்ததும் சேர்த்து இதுதான் நிலைமை. ஒப்பந்தம் முடிந்தால்தான் தரகு. அதுவும் வீட்டுக்காரர், குடியிருப்பவர் இரண்டு தரப்பிலும் சேர்த்து ஒரு மாத வாடகையும் வரியும்தான் உச்சவரம்பு. ஒப்பந்தத்துக்கு முன்னால் உரிமம் பெற்ற ஒருவர் தன் அடையாள அட்டையைக் காட்டி, வீட்டைப் பற்றிய முக்கிய விவரங்களை விளக்கியே ஆக வேண்டும். வாடகை வீடுகளுக்கு 2017 அக்டோபரிலிருந்து இதை வீடியோ காலிலும் செய்யலாம், ஆகவே "நீங்கள் இந்தியாவில் இருந்தீர்கள்" என்பது சாக்கே இல்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காட்ட வீடியோ கால் கிடைத்தது, சட்டப்படி விளக்கத்துக்கு மட்டும் கிடைக்கவில்லையா? ஒப்பந்தத்துக்கு முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால், அதுவரை வாங்கிய பணத்தைத் தரகர் தர மறுப்பது சட்டப்படி தடை. பூட்டு மாற்றும் செலவு வீட்டுக்காரருடையதாக இருப்பதே சரி என்று வீட்டு விவகாரங்களைக் கவனிக்கும் நில, போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டியே சொல்கிறது.

இதையெல்லாம் ட்யூட்டர் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்து, கடையில் வைத்தோம். மேலாளர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "தலைமை அலுவலகத்தோடு ஆலோசிக்கிறோம்." சரி, ஆலோசியுங்கள்.

இப்போது வேறு அறை கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகக் கூட்டுறவுக் கடையில் இருக்கும் வீட்டுப் பிரிவு மூலம், ஷுகாகுயின் பக்கம். சாக்யோ வார்டு அலுவலகத்தில் முகவரி பதிந்து, மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட்டேன். ஆனால் 1,28,300 யென் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

வருபவர்களுக்காக விரிவாக ஒரு பட்டியல் போடுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

அந்த முக்கிய விவர விளக்கம் முடிந்து, தாளைக் கையில் வாங்காமல் ஒரு யென் கூட அனுப்பாதீர்கள். இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

பூட்டு, கிருமிநாசினி, 24 மணி நேர சேவை என்று பில்லில் வந்தால், இது கட்டாயமா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் கேட்டாலே எடுத்துவிடுகிறார்கள்.

தரகரின் உரிம எண் கடையிலும் இணையதளத்திலும் இருக்க வேண்டும். அதில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் புதுப்பிக்கக் கூடும். ஒன்று என்றிருந்தால் புதுக் கடை. என் பணத்தை வாங்கிய கடையின் எண் ஒன்று.

முதலில் பல்கலைக்கழகக் கூட்டுறவில் கேளுங்கள். வந்த புதிதில் ஒரு மாதம் விடுதியில் தங்க நேர்ந்தாலும் பரவாயில்லை, அறையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீடியோ காலைப் பதிவு செய்யுங்கள், உரையாடல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் 188-க்கு அழையுங்கள், உள்ளூர் நுகர்வோர் மையத்துக்குப் போகும். ஜப்பானிய மொழி தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவில் கேஆகே ஸ்டேஷன் பக்கம் இருக்கும் சர்வதேச சமூக மையத்தில் வெளிநாட்டினருக்குச் சட்ட ஆலோசனை நாள் உண்டு. 6 லட்சம் யென் வரைக்கும் சிறு தொகை வழக்கு போடலாம், பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். அதற்கும் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

நுகர்வோர் மையத்தில் என் தாள்களை வாங்கிக்கொண்டு, கடையோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பணம் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். 1,28,300-இல் ஒரு யென் குறைந்து வந்தாலும் அதையும் எழுதுவேன்.