ஒஜமஜோ டோரெமி: மந்திரம் அவ்வளவாக உதவாத ஒரு மந்திரத் தொடர்

சிறுமிகளுக்கான மந்திர அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) என்றால் என்ன இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பளபளவென ஒரு கோல், ஒரு சுழற்சி, உடை மாறும், கெட்டவன் ஒழிவான், அடுத்த வாரம் மறுபடியும் அதே. 'ஒஜமஜோ டோரெமி'யை என் மகளுக்காகத்தான் போட்டேன். அவள் ஒரு கட்டத்தில் வேறு எதற்கோ தாவிவிட்டாள். நான் விடவில்லை. நான்கு சீசன், மொத்தம் 201 எபிசோடு, அதற்குப் பின் 2004-இல் வந்த 13 எபிசோடு துணைத்தொடர், எல்லாம் பார்த்தாகிவிட்டது. பிடித்தவற்றை இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் சில எபிசோடோடு நிறுத்திவிட்டு எழுதியிருந்தால் "குழந்தைகளுக்கு நல்லது, பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு" என்று முடித்திருப்பேன்.

தயாரித்தது டோய் அனிமேஷன். 1999 பிப்ரவரியில் தொடங்கி 2003 ஜனவரி வரை ஜப்பானில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வந்தது. முதல் சீசனை இயக்கிய இருவரில் ஒருவர் ஜூனிச்சி சாட்டோ, 'செய்லர் மூன்' என்ற இன்னொரு மந்திரச் சிறுமித் தொடரைத் தொடங்கிவைத்த இயக்குநர். இன்னொருவர் டாக்குயா இகராஷி. மூலக்கதை என்று திரையில் பெயர் வரும் இஸுமி டோடோ ஒரு ஆளே இல்லை, டோய் நிறுவனத்தார் கூட்டாக வைத்துக்கொண்ட புனைபெயர். மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) எடுத்ததும் இல்லை, டிவிக்காகவே எழுதியது.

கதை இதுதான். மிசோரா என்ற ஊரில் மூன்றாம் வகுப்பு படிக்கும் டோரெமி, உலகத்திலேயே அதிர்ஷ்டம் கெட்ட அழகி என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டவள். ஸ்டீக் என்றால் உயிர். ஆனால் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் ஏதாவது ஒன்று நடந்து அது கைநழுவிப் போகும். ஒரு நாள் ஒரு விநோதமான கடைக்குள் நுழைந்தவள், கடைக்காரி மஜோரிகாவைப் பார்த்து மந்திரக்காரி என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். மனிதர் யாராவது அடையாளம் கண்டு சொன்னால் மந்திரக்காரி தவளையாகிவிடுவாள் என்பது சாபம். மஜோரிகாவும் பச்சையாக, உருண்டையாக, ஒரு தவளை உருவமாகச் சுருங்கிப்போகிறாள். அவளை மீட்க ஒரே வழி, டோரெமியே படித்துத் தேறி மந்திரக்காரியாவது. தோழிகள் ஹஸுகியும் ஐகோவும் கூடவே மாட்டிக்கொள்கிறார்கள். 9ஆம் நிலையில் தொடங்கி 1ஆம் நிலை வரை தேர்வு. டோரெமி படிக்கிற லட்சணத்துக்கு மறுதேர்வும் உண்டு.

எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்த உடை மாற்றும் காட்சி. வழக்கமாக இந்த மாதிரித் தொடர்களில் ஒளிவெள்ளத்தில் உடை தானாக வந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இங்கே மார்பில் மாட்டிய கருவியைத் தட்டினால் உடை வெளியே வந்து விழும், அவ்வளவுதான். மிச்சம் இவர்கள் வேலை. இசை முடிவதற்குள் தலைவழியாக இழுத்து மாட்டிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் உடை மறைந்துவிடும். ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தபிறகு சீருடைக்குள் தலையை நுழைக்கும் பிள்ளை மாதிரி டோரெமி அதில் திணறுவாள்.

மந்திரத்துக்குக் காசும் வேண்டும். ஒவ்வொரு தடவை மந்திரம் போடவும் மந்திர மணிகள் செலவாகும். மணி தீர்ந்தால் கோல் வெறும் பொம்மை. மணி வாங்க டேலா என்ற வியாபாரி வருவாள், அவளிடம் கொடுக்க மஜோரிகாவின் கடையில் விற்பனை நடக்க வேண்டும். ஆக, பள்ளி விட்டதும் இந்தப் பிள்ளைகள் கடைக்கு ஓடி, பொருள் செய்து, விற்று, கணக்குப் பார்க்கிறார்கள். வாங்குகிறவர்கள் வராத நாள் உண்டு. ஆரம்பத்தில் இதைச் சும்மா நகைச்சுவைக்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, தொடர் முழுக்க இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது. மந்திரம் இலவசமில்லை, பெரிய காரியம் எதற்கும் அது ஆகாது.

ஆகாது என்பதற்குச் சட்டமே இருக்கிறது. நோயைக் குணப்படுத்தக்கூடாது, இறந்தவரை எழுப்பக்கூடாது, அடுத்தவர் மனதை மாற்றக்கூடாது. மீறினால் விளைவு மந்திரம் போட்டவர் தலையில் விழும். குழந்தைகள் மந்திரம் கேட்டு ஏங்குவதே இந்த மூன்றுக்காகத்தானே! மூன்றையும் தடுத்துவிட்டு, மேஜை துடைக்கவும் பூனையைத் துரத்தவும் மட்டும் அனுமதி கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. முதல் சீசனின் பின்பகுதியில் வந்து சேரும் ஒன்பு, சிறுமி என்றாலும் ஏற்கெனவே டிவி நட்சத்திரம். பாதுகாப்புக்கு ஒரு வளையல் மாட்டிக்கொண்டு, தடைசெய்த மந்திரத்தைக் கூசாமல் போடுவாள். அந்த வளையலுக்கு என்ன ஆகிறது, அதை ஈடுகட்ட மற்ற மூவரும் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் முதல் சீசனின் முடிவு. சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

மந்திரத்தை இப்படி ஓரம்கட்டியபின் மிஞ்சுவது வகுப்பறை. தொடரின் உண்மையான சொத்து அதுதான். பின்பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது, என்றாவது ஒரு நாள் அந்த வீட்டுக்கு எபிசோடு போகும். கதை எழுதும் நொபுகோ, டோரெமியைச் சீண்டிக்கொண்டே திரியும் கால்பந்துப் பையன் கோட்டாக்கே, மொக்கை ஜோக் அடிக்கும் மூன்று பையன்கள், அதட்டிப் பேசினாலும் பிள்ளைகள் பக்கம் நிற்கும் செக்கி டீச்சர். பார்த்துக்கொண்டே இருந்தால் நம் தெருப் பிள்ளைகள் பெயர் மாதிரி எல்லாம் மனப்பாடம் ஆகிவிடுகிறது.

ஐகோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒசாகாவிலிருந்து வந்தவள், ஒசாகாப் பேச்சு, அப்பா டாக்சி ஓட்டுகிறார், அம்மா பிரிந்து போய்விட்டார். இதை முதல் சீசனிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவள் கையில் மந்திரக்கோல் இருக்கிறது, ஆனால் சட்டப்படி அம்மா அப்பா மனதைத் தொட முடியாது. இந்த விவகாரம் ஒரு தீர்வுக்கு வரக் கடைசி சீசன் வரை ஆகிறது. நடுவே பல மாதங்கள் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது, ஐகோ சிரித்துக்கொண்டு பந்து விளையாடிக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு எபிசோடில் திடீரென்று தலைகாட்டும். வீட்டுப் பிரச்சினையோடு வளரும் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். இருபத்து நான்கு நிமிடத்தில் அழவைத்து அதற்குள்ளேயே தீர்த்தும் வைக்கும் தொடர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு இந்தப் பொறுமை ஆச்சரியம்.

இன்னொன்று மூன்றாவது சீசனில். இப்போது ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் ஒரு மேஜை எப்போதும் காலியாக இருக்கிறது. கயோகோ என்ற பெண், பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டவள். டோரெமி அவளோடு பழக ஆரம்பிக்கிறாள். இங்கே தொடர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாருங்கள்: முதலில் கடைக்கு வருகிறாள், பிறகு பள்ளி வரை, பிறகு பள்ளி மருத்துவ அறை வரை. வகுப்புக் கதவு இன்னும் தூரம். நடுவில் வயிற்றுவலி வந்து திரும்பிப் போகிறாள். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டியவர்கள் யாராவது இருந்தால் இந்த எபிசோடுகளைக் காட்டலாம். டோரெமிக்கு மந்திரம் தெரியும் என்பதே இந்தக் கதையில் கிட்டத்தட்ட மறந்துபோகிறது. அவள் செய்வதெல்லாம் கூடவே நடந்து வருவது.

இரண்டாவது சீசன் தனி ரகம். மந்திர உலக அரசியின் தோட்டத்தில் ஒரு நீல ரோஜாவிலிருந்து ஒரு குழந்தை பிறக்கிறது. பிறக்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள்தான் ஒரு வருடம் வளர்க்க வேண்டுமாம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பால் கலக்குகிறார்கள், துணி மாற்றுகிறார்கள், தூக்கம் கெட்டு வகுப்பில் தலை கவிழ்கிறார்கள். குழந்தை ஹானாவுக்கே மந்திரம் இருப்பதால் அழ ஆரம்பித்தால் அறையில் இருக்கிற பொருளெல்லாம் பறக்கும். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், கொஞ்சம் பழைய ஞாபகத்தில் அலுப்பும் வந்தது. நிறைய பேருக்கு இதுதான் பிடித்த சீசனாம். என் ஓட்டு மூன்றாவதுக்கு. அதில் கடை ஒரு கேக் கடையாக மாறுகிறது, நியூயார்க்கிலிருந்து ஜப்பானியம் சரியாக வராமல் மொமொகோ வந்து சேர்கிறாள், மனதில் பட்டதை அப்படியே பேசி வகுப்பில் பெயரைக் கெடுத்துக்கொள்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. வருடா வருடம் புது உடை, புதுக் கோல், புதுக் கடை ஏன் வருகிறது என்று யோசித்தால், ஞாயிறு காலைத் தொடரின் பொம்மை வியாபாரம் பின்னால் நிற்பது தெரியும். உடை மாற்றும் காட்சி முதல் இருபது தடவை ரசித்தேன், அப்புறம் தள்ளிவிட்டுப் போனேன். முதல் சீசனின் பின்பகுதியில் கெடுதல் செய்யும் மந்திர அட்டைகளைத் தேடிப் பிடிக்கும் கதை வாரா வாரம் ஒரே தடத்தில் ஓடுகிறது. அதோடு வந்து ஒட்டிக்கொள்ளும் ஒயாஜிதே என்ற கிழட்டு மந்திரவாதியின் வழிசல் அன்றைக்கு நகைச்சுவையாக இருந்திருக்கலாம், இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கச் சங்கடம். மொக்கை ஜோக் பையன்களின் சிலேடை எல்லாம் சப்டைட்டிலில் செத்துப்போகிறது. மஜோரிகா கத்துகிற கத்தலுக்கு ஒலியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. நான்காவது சீசனில் ஹானா மந்திரத்தால் திடீரென ஆறாம் வகுப்புப் பெண்ணாக வளர்ந்து வகுப்பில் வந்து உட்காருவதை முதலில் என்னால் ஏற்கவே முடியவில்லை. குழந்தையாகத் தூக்கித் திரிந்ததைப் பார்த்துவிட்டோமே!

ஆனால் அந்த நான்காவது சீசனில்தான் 40ஆம் எபிசோடு இருக்கிறது. இயக்கியவர் மமோரு ஹோசோதா, பின்னாளில் தனியாகத் திரைப்படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. தோழிகள் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஏதோ ஒன்று இருக்கிறது, தனக்கு மட்டும் எதுவும் இல்லை என்ற நினைப்போடு டோரெமி வழக்கமில்லாத பாதையில் திரும்புகிறாள். அங்கே மிராய் என்ற பெண் தனியாகக் கண்ணாடி ஊதிப் பாத்திரம் செய்கிறாள். மந்திரக்காரியாக இருந்து, மந்திரத்தை விட்டுவிட்டவள். வயதாகாது என்பதால் ஓர் ஊரில் நிலைத்து இருக்க முடியாது, அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். கண்ணாடி நின்றபடி தெரிந்தாலும் உள்ளே மெல்ல ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மனிதர் கண்ணுக்குத்தான் தெரியாது என்கிறாள். (இயற்பியல் ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், கதைக்காக விட்டுவிடலாம்.) மிராய்க்குக் குரல் கொடுத்தவர் நடிகை டொமோயோ ஹராதா. சத்தமே இல்லாத குரல். வெனிஸுக்குக் கண்ணாடி வேலை கற்கப் போகிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்கிறாள். ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது! நகைச்சுவை இல்லை, சண்டை இல்லை, தோழிகளுக்குக்கூட அதிக வேலை இல்லை. பொம்மை விற்கும் ஒரு தொடர் நடுவில் இதை ஒளிபரப்ப விட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு நம்பமுடியாத விஷயம்.

அந்த எபிசோடு அவ்வளவு தைப்பதற்கு அதற்குமுன் கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூறு எபிசோடு இருப்பதும் காரணம். நிறையக் குழந்தைத் தொடர்களில் பிள்ளைகளுக்கு வயதே ஏறாது. இங்கே ஒளிபரப்பான நான்கு வருடத்தோடு பிள்ளைகளும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை ஏறுகிறார்கள். வகுப்பு கலைகிறது, யார் எந்தப் பிரிவு என்று பட்டியல் பார்க்க ஓடுகிறார்கள், அடுத்து எந்தப் பள்ளி என்ற பேச்சு வருகிறது. தொடரோடு சேர்ந்து வளர்ந்த ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று 2020-இல் வந்த திரைப்படத்தில் பார்க்கலாம். அதில் டோரெமி நாயகி இல்லை, சிறுவயதில் டோரெமி பார்த்து வளர்ந்த மூன்று பெண்கள்தான் நாயகிகள்.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டிலில் பாருங்கள். அமெரிக்காவுக்காக 2005-இல் செய்த ஆங்கில வடிவத்தில் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். ஒரே மூச்சில் பார்க்க உட்காராதீர்கள், நாளுக்கு ஒன்று போதும், சேர்த்துப் பார்த்தால் தேர்வும் கடையும் திகட்டும். முதல் சீசனின் அட்டை வேட்டை அலுத்தால் அந்த வரிசையில் சிலதைத் தாண்டிப் போகலாம், கடைசி மூன்று நான்கு எபிசோடை மட்டும் விடாதீர்கள். 13 எபிசோடு துணைத்தொடரின் கதை மூன்றாவது சீசன் காலத்தில் நடக்கிறது என்றாலும் நான்கும் முடித்துவிட்டுப் பாருங்கள். அதில் 12ஆம் எபிசோடு, மந்திரக்காரியாக ஆசைப்படும் நோஸோமி என்ற நோயாளிச் சிறுமியைப் பற்றியது. நோயைக் குணப்படுத்தக்கூடாது என்று முதல் சீசனில் போட்ட சட்டம் அங்கேதான் முழு வீச்சில் வந்து நிற்கிறது. சின்னப் பிள்ளைகளைத் தனியாக விட்டு அதைப் போடாதீர்கள், கூட உட்காருங்கள். கேள்வி கேட்பார்கள்.